பழைய கட்டில் வாங்க வரும் புதிய திருடன்!

வீட்டில் ஒரு பழைய கட்டில் கிடக்கிறது. புதுக் கட்டில் வாங்கியாகிவிட்டது. பழையதை விற்றால் 4,000 ரூபாய் கிடைக்கும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை.

முன்பு என்ன செய்வோம்? தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைப்போம். பழைய சாமான் கடைக்காரர் வருவார். கட்டில் காலை ஒரு தட்டு தட்டுவார். "மரம் உளுத்துப் போச்சும்மா!" என்பார். அரை மணி நேரம் பேரம் நடக்கும். கடைசியில் 1,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலைத் தூக்கிக் கொண்டு போவார்.

இப்போது காலம் மாறிவிட்டது. கட்டிலைச் செல்போனில் படம் எடுக்கிறார்கள். பழைய பொருள் விற்கும் தளங்களில் விளம்பரம் போடுகிறார்கள். ஐந்தாவது நிமிடத்தில் போன் மணி அடிக்கிறது.

வாங்க ஆள் வந்துவிட்டான்!

அவன் பேரம் பேசுவதில்லை. கட்டிலை வந்து பார்க்கவும் இல்லை. கேட்ட விலைக்கே எடுத்துக் கொள்வதாகச் சொல்கிறான். பணத்தை இப்போதே அனுப்புகிறேன் என்கிறான்.

கத்தரிக்காய் வாங்கும்போதுகூட ஒன்றுக்கு இரண்டு தடவை புரட்டிப் பார்க்கிறோம். பழைய கட்டிலைப் பார்க்காமலே வாங்குகிறவன் யார்?

அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"நான் மிலிட்டரியில் இருக்கிறேன்"

அவன் தன்னைப் பட்டாளத்துக்காரன் என்று சொல்லிக் கொள்வான். "மேடம், நான் காஷ்மீரில் டியூட்டியில் இருக்கிறேன். உங்கள் ஊருக்கு மாற்றலாகிவிட்டது. வீட்டுக்குச் சாமான் வேண்டும். என் ஆட்கள் லாரி கொண்டு வந்து எடுத்துக் கொள்வார்கள்" என்பான். உடனே உடுப்பு போட்ட படம் ஒன்றும், அடையாள அட்டைப் படம் ஒன்றும் வாட்ஸ்அப்பில் வரும்.

பட்டாளத்து வேஷம் எதற்காக? ஒரே வேஷத்தில் அவனுக்கு மூன்று லாபம்.

நேரில் வராததற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. தமிழ் தெரியாமல் இந்தியில் பேசுவதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. இரண்டையும்விடப் பெரியது ஒன்று உண்டு. எல்லையில் நிற்பவர் என்றால் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. அவரைப் போய் "நீ யார்?" என்று கேட்க நா எழாது. அந்த மரியாதையைத்தான் அவன் திருடுகிறான்.

படத்தில் இருப்பவர் உண்மையான படைவீரராகவே இருக்கலாம். போனில் பேசுகிறவன் அவர் அல்ல! எங்கேயோ, யாரிடமோ வாங்கிய படத்தை இவன் பயன்படுத்துகிறான். ஆகவே, வாங்க வந்தவன் கேட்டான் என்று உங்கள் ஆதார் அட்டைப் படத்தை அனுப்பிவிடாதீர்கள். நாளைக்கு உங்கள் முகத்தைக் காட்டி வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தை ஏமாற்றுவான்.

இது ஏதோ வதந்தி அல்ல. ரிசர்வ் பாங்கி 2022 மார்ச்சில் மோசடிகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டது. வாங்குகிறவன் போல வந்து, தொலைதூரத்தில் இருக்கும் படைவீரன் என்று நடித்துப் பணம் பறிக்கும் முறையை அதில் விவரித்திருக்கிறார்கள். "ராஜுவும் நாற்பது திருடர்களும்" என்று இன்னொரு புத்தகமும் வந்தது. நாற்பது விதமான மோசடிகளுக்கு நாற்பது கதைகள். அலிபாபா காலத்துத் திருடர்கள் குகையில் இருந்தார்கள். இவர்கள் செல்போனில் இருக்கிறார்கள்.

முதலில் சிறு தொகை!

பணம் அனுப்புவதாகச் சொன்னான் அல்லவா? எப்படி அனுப்புகிறான் பாருங்கள்.

"மேடம், முதலில் 5 ரூபாய் அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம்" என்பான். ஒரு கட்டம் கட்டமான படத்தை அனுப்புவான். கடைகளில் மேசை மேல் ஒட்டியிருக்கிறதே, அந்த க்யூ.ஆர். கோடு. 5 ரூபாய் உண்மையாகவே உங்கள் கணக்கில் வந்துவிடும். நம்பிக்கை பிறந்துவிடும்.

அடுத்து இன்னொரு படம் வரும். "இதை ஸ்கேன் பண்ணுங்கள். உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள். 4,000 ரூபாய் வந்துவிடும்" என்பான். ரகசிய எண்ணைப் போட்ட மறு விநாடி 4,000 ரூபாய் போய்விடும்!

"ஐயோ, பணம் போய்விட்டதே!" என்று பதறினால் அவனும் பதறுவான். "தவறுதலாக அழுத்திவிட்டேன் மேடம். 8,000 ரூபாயாகத் திருப்பி அனுப்புகிறேன். இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணுங்கள்" என்பான். இரண்டாவது தடவையும் பணம் போகும். போனதை மீட்கப் போய் மேலும் இழந்தவர்கள் பலர்.

படிக்காதவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில் டில்லியில் நடந்தது இது. அப்போதைய முதலமைச்சர் குடும்பத்திலேயே ஒருவர் பழைய சோபா ஒன்றை விற்பதற்கு விளம்பரம் செய்தார். வாங்க வந்தவன் முதலில் சிறு தொகை அனுப்பினான். பிறகு ஸ்கேன் செய்யச் சொன்னான். 20,000 ரூபாய் போயிற்று. "தவறு நடந்துவிட்டது" என்று மறுபடியும் ஸ்கேன் செய்யச் சொன்னான். இன்னொரு 14,000 ரூபாய் போயிற்று. மொத்தம் 34,000 ரூபாய்! போலீசார் வழக்குப் பதிவு செய்து, பிறகு சிலரைக் கைது செய்தார்கள்.

ஆகவே ஏமாந்தவர்களைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

உண்டியலுக்குச் சாவி எதற்கு?

இந்தக் கட்டப் படம் மந்திரம் அல்ல. 1994-ல் ஜப்பானில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளரும் அவரைச் சேர்ந்தவர்களும் கண்டுபிடித்தது. மோட்டார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காகச் செய்தார்கள். எழுத்தையும் எண்ணையும் கட்டங்களாக மாற்றி வைத்திருக்கிறது. அவ்வளவுதான். நம் ஊரில் பணம் கொடுக்கும்போது அதற்குள் இருப்பது, பணம் பெறுகிறவரின் கணக்கு விலாசம். சில சமயம் எவ்வளவு தொகை என்பதும் இருக்கும்.

அப்படியானால், அந்தப் படத்தை ஸ்கேன் செய்கிறவர் யார்? பணம் கொடுக்கிறவர். மளிகைக் கடையில் நீங்கள் ஸ்கேன் செய்கிறீர்கள். கடைக்காரர் உங்கள் போனை ஸ்கேன் செய்வதில்லை. கட்டிலை விற்கிறவர் நீங்கள் என்றால், இங்கே கடைக்காரர் நீங்கள்தான்! அவன்தான் உங்கள் படத்தை ஸ்கேன் செய்ய வேண்டும்.

ரகசிய எண்ணும் இப்படித்தான். யு.பி.ஐ. என்ற இந்தப் பணப் பரிமாற்ற முறை 2016-ல் வந்தது. அதற்கு நாலு அல்லது ஆறு இலக்கத்தில் ஒரு ரகசிய எண் உண்டு. பணம் கொடுப்பதற்கு அது வேண்டும். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு வேண்டும். பணம் வாங்குவதற்கு வேண்டவே வேண்டாம்.

கோயில் உண்டியலைப் பாருங்கள். காசு போடுகிறவர் யாராவது பூட்டைத் திறக்கச் சொல்கிறாரா? சாவி கேட்கிறவன் காசு போட வந்தவன் அல்ல. எடுக்க வந்தவன்!

2025 அக்டோபரிலிருந்து யு.பி.ஐ.யில் ரகசிய எண்ணுக்குப் பதிலாக விரல் ரேகையோ முகமோ காட்டும் வழியும் வந்திருக்கிறது. அதுவும் சாவிதான். "பணம் வருகிறது, விரலை வையுங்கள்" என்று எவனாவது சொன்னால் வைக்க வேண்டாம்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பு இந்தத் திருடர்கள் "பணம் கேட்கும் கோரிக்கை" ஒன்றை உங்கள் போனுக்கு அனுப்புவார்கள். பணம் வருவதாக நினைத்து அதற்குச் சம்மதம் கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். தனி மனிதர்களுக்குள் அப்படிக் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1-ந் தேதியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் கட்டப் படத்தின் கதவு திறந்தே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேறு வகைச் செயலிகளும் வரும். "இந்த ஆப்பைப் போட்டுக் கொள்ளுங்கள், நான் உதவி செய்கிறேன்" என்பான். போட்டால் உங்கள் போன் திரையில் நடப்பதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும். பாங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும் தெரியும்.

வராத பணம்!

இனி இன்னொரு வகைப் பேர்வழி. இவன் உங்கள் கணக்கில் கை வைப்பதில்லை. பணமே கொடுக்காமல் பொருளைக் கொண்டு போய்விடுவான்.

வீட்டில் இருந்தபடியே சேலை விற்கும் பெண்கள் இன்று ஏராளம். காலையில் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறார்கள். மாலைக்குள் நாலு சேலை விற்கிறது. ஒரு சேலைக்கு நூறோ நூற்றைம்பதோ லாபம். பிள்ளைகள் பள்ளிச் சம்பளத்துக்கு ஆகும். இவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

"அக்கா, பணம் போட்டுவிட்டேன்" என்று ஒரு செய்தி வரும். கூடவே பச்சை நிறத்தில் "வெற்றி" என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட். தேதி இருக்கும். நேரம் இருக்கும். தொகை இருக்கும். பணம் மட்டும் இருக்காது! பழைய படத்தில் எண்ணை மாற்றி அனுப்பியிருப்பான். அசல் போலவே காட்டும் போலிச் செயலிகளும் இருக்கின்றன. நேரில் வந்து, உங்கள் கண் முன்னாலேயே ஸ்கேன் செய்து, "போய்விட்டது பாருங்கள்" என்று காட்டிவிட்டுப் பொருளோடு போய்விடுவான். கடைகளில் "இத்தனை ரூபாய் வந்தது" என்று சத்தம் போடும் சிறு பெட்டி வைத்திருக்கிறார்களே, அது ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா?

சிலர் எஸ்.எம்.எஸ். அனுப்புவார்கள். "உங்கள் கணக்கில் 15,000 ரூபாய் வரவு" என்று அதில் இருக்கும். சேலையின் விலை 1,500 ரூபாய்தான். உடனே போன் வரும். அழுகிற குரல். "அக்கா, ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வைத்திருந்த பணம். மீதி 13,500 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள்" என்பான். இரக்கப்பட்டு அனுப்பினால் அது உங்கள் சொந்தப் பணம். அவன் எதுவுமே அனுப்பியிருக்க மாட்டான்.

செய்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பாங்கிச் செய்தி பாங்கியின் பெயர்ச் சுருக்கத்தோடு வரும். இது பத்து இலக்கமுள்ள சாதாரணப் போன் நம்பரிலிருந்து வந்திருக்கும். அதைவிட நிச்சயமான வழி, உங்கள் கணக்கை நீங்களே திறந்து மீதித் தொகையைப் பார்ப்பது. தொகை ஏறியிருந்தால் பொருள் கைமாறலாம். ஏறவில்லை என்றால் "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வந்துவிடும்" என்று அவன் சொன்னாலும், பொருளும் நாளைக்குத்தான்.

தெரிந்தவர்கள் சமாசாரம் வேறு. "அக்கா, ஒன்றாம் தேதி தருகிறேன்" என்பார்கள். ஒன்றாம் தேதி வரும், போகும். இது மோசடி அல்ல, முகதாட்சண்யம். கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் முதல் கெடும். சேலை வியாபாரம் செய்யும் பெண்களில் கெட்டிக்காரர்கள் முதலிலேயே குழுவில் எழுதி வைத்துவிடுகிறார்கள்: பணம் வந்த பிறகே பொட்டலம், உறவினருக்கும் இதுவே. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் கோபம் வராது.

பொருள் வந்த பிறகு பணம் தருகிறேன் என்பவர்களும் உண்டு. முன்பு தபாலில் வி.பி.பி. என்று ஒரு முறை இருந்தது நினைவிருக்கும். பணத்தைக் கட்டினால்தான் பொட்டலம். புத்தகம் வேண்டும் என்று எழுதிவிட்டு, தபால்காரர் வந்ததும் "வேண்டாம்" என்று திருப்பிவிடுகிறவர்களால் அந்தக் காலத்திலேயே கடைக்காரர்கள் நொந்து போனார்கள். இன்று கொரியரிலும் அதே கதை. பொட்டலம் திரும்பி வந்தால் போன செலவு, வந்த செலவு இரண்டும் விற்றவர் தலையில். அனுப்பும் செலவை மட்டுமாவது முன்பணமாக வாங்கிக் கொண்டால், விளையாட்டுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் விலகிப் போய்விடுவார்கள்.

மோட்டார் சைக்கிள் விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்" என்று சாவி வாங்கிப் போனவன் திரும்பி வராத கதை ஊருக்கு ஊர் உண்டு. பின் சீட்டில் வீட்டு ஆள் ஒருவர் உட்காராமல் வண்டியைக் கொடுக்க வேண்டாம். விற்ற பிறகும் 29, 30-ம் எண் படிவங்களைப் பூர்த்தி செய்து ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் அவன் செய்கிற விபத்துக்கு உங்கள் வீட்டுக்கு நோட்டீசு வரும்.

பணம் வந்தும் வம்பு!

எல்லாவற்றையும்விட விசித்திரமானது இது. பணம் உண்மையாகவே வந்துவிட்டது. பொருளும் போய்விட்டது. பத்து நாள் கழித்து ஏ.டி.எம்.முக்குப் போனால் பணம் வரவில்லை. கணக்கை முடக்கி வைத்திருக்கிறார்கள்!

என்ன காரணம்? வந்த பணம் திருட்டுப் பணம். வேறு ஊரில் யாரையோ ஏமாற்றிய பணத்தை உங்களுக்குக் கொடுத்து அவன் பொருள் வாங்கியிருக்கிறான். ஏமாந்தவர் புகார் கொடுத்தார். போலீசார் பணம் போன வழியே கணக்குக் கணக்காகப் பார்த்து வந்து, உங்கள் கணக்கையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்படி நேர்ந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம். பாங்கிக் கிளைக்குப் போய், எந்த மாநிலப் போலீசார் நிறுத்தச் சொன்னார்கள், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை என்று கேளுங்கள். நீங்கள் பொருள் விற்றதற்கான அத்தாட்சியைப் பாங்கிக்கும் அந்தப் போலீசாருக்கும் அனுப்புங்கள். பேசிய செய்திகள், பொருளின் படம், கொரியர் ரசீது எல்லாம் அத்தாட்சிதான். விற்று முடிந்ததும் செய்திகளை அழித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆறு மாதமாவது வைத்திருங்கள். வாங்குகிறவர் ஒருவர், பணம் வருவது வேறொருவர் பெயரில் என்றால், அந்த இடத்திலேயே விற்பனையை நிறுத்திவிடலாம்.

யார் இவர்கள்?

ஹரியானாவில் நூஹ் என்று ஒரு மாவட்டம். டில்லியிலிருந்து அதிக தூரம் இல்லை. 2023 ஏப்ரலில் ஒரு நாள் இரவு சுமார் 5,000 போலீசார் அங்கே 14 கிராமங்களைச் சுற்றி வளைத்தார்கள். செல்போன்களும் போலி சிம் கார்டுகளும் குவியலாகக் கிடைத்தன. நாடு முழுவதும் சுமார் 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்திருப்பதாக விசாரணையில் தெரிந்தது என்று போலீசார் சொன்னார்கள். நூஹ், பக்கத்தில் ராஜஸ்தானத்தின் பரத்பூர், உத்தரப் பிரதேசத்தின் மதுரா. மூன்று மாநிலங்கள் கூடும் இடம் அது. ஒரு மாநிலப் போலீசார் வந்தால் அடுத்த மாநிலத்துக்குள் ஓடிவிடலாம்.

அங்கே ஒரு வயல் வரப்பில் உட்கார்ந்தபடிதான் "மேடம், நான் காஷ்மீரில் இருக்கிறேன்" என்று பேசுகிறார்கள்.

ஏமாற்றுக்காரனை "நானூற்று இருபது" என்று நம் ஜனங்கள் சொல்வது வழக்கம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு அது. 2024 ஜூலை 1-ந் தேதி புதுச் சட்டம் வந்ததும் மோசடிக்கு 318-வது பிரிவு ஆகிவிட்டது. கம்ப்யூட்டர், செல்போன் வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவும் இருக்கிறது. மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பணம் போய்விட்டதா? 1930!

பணம் போனதும் வீட்டில் என்ன நடக்கிறது? முதலில் அழுகை. பிறகு "இவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ!" என்ற பயம். மருமகள் மாமியாருக்குச் சொல்லமாட்டாள். மகன் அப்பாவுக்குச் சொல்லமாட்டான். இப்படியே ஒரு நாள் போய்விடுகிறது. திருடனுக்கு வேண்டியது அந்த ஒரு நாள்தான்.

திருடிய பணம் ஒரே கணக்கில் நிற்பதில்லை. ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகும். மூன்றிலிருந்து பத்துக்குப் போகும். கடைசியில் ஏதோ ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிடும். வெளியே வருவதற்கு முன்னால் பிடித்தால் உண்டு. அதற்காகத்தான் 1930 என்ற எண். மத்திய அரசாங்கம் 2021-ல் 155260 என்ற எண்ணில் இந்த வசதியைத் தொடங்கியது. பிறகு அதை 1930 என்று சுருக்கினார்கள். பழைய எண்ணை நாட்காட்டியில் எழுதி வைத்திருப்பவர்கள் மாற்றி எழுதிக் கொள்ளுங்கள்.

அங்கே சொன்னால் போலீசாரும் பாங்கிகளும் ஒரே வலையில் இணைந்திருப்பதால், பணம் போய்ச் சேர்ந்த பாங்கிக்கு உடனே தகவல் போகும். பணம் இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தி வைத்த பணம் சட்டப்படியான நடவடிக்கைக்குப் பிறகு உங்களிடம் வரும். அதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். முழுப் பணமும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

உங்கள் பாங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லிவிடுங்கள். ரகசிய எண்ணை நீங்களே போட்டிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் நஷ்டம். புகார் கொடுத்த பிறகு போகும் பணம் பாங்கியின் பொறுப்பு. 2017-ல் ரிசர்வ் பாங்கி வகுத்த விதி இது. பாங்கியின் போன் நம்பரைக் கூகுளில் தேட வேண்டாம். அங்கேயும் திருடர்கள் தங்கள் நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பாஸ் புத்தகத்திலும் ஏ.டி.எம். கார்டின் பின்புறத்திலும் சரியான நம்பர் அச்சிட்டிருக்கிறது.

எழுத்து மூலம் புகார் கொடுப்பதற்கு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்கத் தளம் இருக்கிறது. செல்போனில் எழுதத் தெரியாதவர்கள் மாவட்டத்தில் இருக்கும் சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கு நேரிலேயே போகலாம். போகும்போது பாங்கிக் கணக்கு விவரம், பணம் போன தேதி, நேரம், அந்தப் பரிமாற்றத்துக்குச் செயலி காட்டும் 12 இலக்க எண், அவன் பேசிய போன் நம்பர், அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டு போங்கள். 1930-க்குப் பேசும்போதும் இவற்றைத்தான் கேட்பார்கள். பேசி முடித்ததும் ஒரு புகார் எண் வரும். அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.